புதுச்சேரியில் குறைந்த செலவில் தங்கவும் சாப்பிடவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். இங்கிருந்து பாண்டி இருபத்து சொச்சம் கிலோமீட்டர்தான். கல்யாணம், ஜிப்மர் ஆஸ்பத்திரி, துணி எடுப்பது என்று ஏதாவது ஒன்றுக்கு மாதம் இரண்டு முறையாவது போய்விடுவேன். அதனாலோ என்னவோ, சேலத்துச் சித்தப்பாவிலிருந்து பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் வரை பாண்டிக்குக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் முதலில் எனக்குத்தான் போன் போடுகிறார்கள். கேள்விகள் மாறுவதே இல்லை. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். நான் சொல்லும் விலைகள் சுமாரானவை; கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

பாண்டி செலவு வைக்கிற ஊரா, இல்லையா?

இரண்டும்தான். ஊரின் நடுவே வடக்கு தெற்காக ஒரு பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே, கடல் வரைக்கும், பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த பகுதி. இப்போது ஒயிட் டவுன் என்கிறார்கள். மேற்கே தமிழர்கள் குடியிருந்த பகுதி. மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியுமாக இருக்கிற கிழக்குப் பக்கத்துக் கடையில் ஒரு காப்பி 150 ரூபாய் ஆகலாம். வாய்க்காலைத் தாண்டி மிஷன் வீதி, காந்தி வீதி பக்கம் வந்தால் டபராவில் 20, 25 ரூபாய்க்கு நல்ல டிகாக்ஷன் காப்பி கிடைக்கும். இரண்டுக்கும் நடுவில் பத்து நிமிட நடை. கிழக்கே சுற்றிப் பார்த்துவிட்டு, சாப்பிடவும் தூங்கவும் மேற்கே வந்துவிட்டால் பாண்டி மற்ற ஊர்களைப் போலத்தான்.

வாய்க்கால் சாப்பாட்டுச் செலவுக்குத்தான் கோடு. அறை வாடகைக்குக் கோடு காலண்டரில் இருக்கிறது. அது அடுத்த கேள்வி.

எந்த நாளில் போனால் கையைக் கடிக்காது?

ஞாயிறு இரவிலிருந்து வியாழன் இரவு வரை. வெள்ளிக்கிழமை மாலையானால் சென்னையும் பெங்களூரும் காரைத் திருப்பிக்கொண்டு பாண்டிக்கு வந்துவிடும். செவ்வாய்க்கிழமை 1,000 ரூபாய்க்குக் கிடைத்த அதே அறை, அதே கட்டில், அதே ஒழுகும் குழாய், சனிக்கிழமை 2,000 தாண்டும். நீண்ட வார இறுதி வந்தால் அதற்கும் மேல். டிசம்பர் 31 இரவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இதுபோக, ஒயிட் டவுனில் இருக்கிற அரவிந்தர் ஆசிரமத்துத் தரிசன நாட்கள் உண்டு. பிப்ரவரி 21 ஆசிரமத்தை நடத்திய அன்னை பிறந்த நாள், ஆகஸ்ட் 15 அரவிந்தர் பிறந்த நாள், நவம்பர் 24 அரவிந்தர் யோக சித்தி பெற்ற நாள். வடநாட்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பக்தர்கள் வந்து குவிவார்கள். ஆகஸ்ட் 15 சுதந்திர தினமும்கூட. அதற்கு மறுநாள், 1962-இல் பிரெஞ்சுக்காரர்கள் சட்டப்படி ஊரை ஒப்படைத்த நாள். ஆகவே அந்த வாரம் அறை தேடிப் போகாதீர்கள். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சுற்று வட்டாரச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வரும். பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் அன்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள், தங்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கு லீவு கிடைப்பதே சனி ஞாயிறுதான் என்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். சனிக்கிழமை போகாமல் ஞாயிறு மதியம் போய்ச் சேருங்கள். வெளியூர்க் கூட்டம் அப்போதுதான் மூட்டை கட்டிக்கொண்டிருக்கும். அறைக்குப் பேரம் பேசக்கூட முடியும். மாலையில் காந்தி வீதியில் ஞாயிறு சந்தை. மூடிக்கிடக்கும் பெரிய கடைகளின் வாசல் முழுக்கத் துணி, செருப்பு, பாத்திரம், பழைய புத்தகம் என்று நடைபாதைக் கடைகள் விரிந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் திங்கள் ஒரு நாள் லீவு சொன்னால் போதும். ஒரே குறை, புதுச்சேரி அருங்காட்சியகம் திங்கள்கிழமை திறக்காது.

மழை? அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடு வரை வானிலைச் செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கத்தில்தான் கரையேறியது. வீதிகளில் படகு விட்டார்கள். மே மாதம் அறை மலிவு, ஆனால் பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை வெளியே தலை காட்ட முடியாது. எனக்குப் பிடித்தது ஜனவரிப் பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, மார்ச் முதல் வாரம் வரை.

அறை எந்தப் பக்கம் எடுக்கலாம்?

பஸ் ஸ்டாண்டு இருக்கிற மறைமலையடிகள் சாலையிலும் அதன் பக்கத்துத் தெருக்களிலும் சாதாரண லாட்ஜுகள் நிறைய. வார நாளில் இரண்டு பேர் படுக்கும் அறை 800, 1,000 ரூபாயிலிருந்து ஆரம்பிக்கும். இரவு நேரத்தில் வந்து இறங்குகிறவர்களுக்கும், விடியலில் பஸ் ஏறுகிறவர்களுக்கும் வசதி. ஆனால் ஹாரன் சத்தம் ஓயாது. குடும்பத்தோடு வருகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இந்த ஊரில் மதுக்கடைகள் அதிகம். சில லாட்ஜுகளில் கீழ்த்தளமே பார்தான். வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தாலே தெரிந்துவிடும்.

என் சிபாரிசு பெரிய வாய்க்காலுக்கும் அண்ணா சாலைக்கும் இடைப்பட்ட பகுதி. ஆம்பூர் சாலை, மிஷன் வீதி, காந்தி வீதி, இவற்றைக் குறுக்கே வெட்டுகிற நேரு வீதி, ரங்கப்பிள்ளை வீதி. கொஞ்சம் கூடுதலாக, 1,200 முதல் 2,000 வரை ஆகலாம். ஆனால் கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். பெரிய மார்க்கெட், நல்ல சைவ ஓட்டல்கள், மணக்குள விநாயகர் கோயில் எல்லாம் கால் நடையில். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அறையில் மிச்சம் பிடித்த 300 ரூபாயை, கடற்கரைக்குப் போக வர ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிடுவீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் நடுவிலே தங்குவதுதான் லாபம்.

தனியாக வருகிற இளைஞர்களுக்குக் கட்டில் கணக்கில் வாடகை வாங்குகிற ஹாஸ்டல்கள் ஊருக்குள் நிறைய வந்துவிட்டன. ஒரு கட்டில் 400 முதல் 800. வடக்கே முத்தியால்பேட்டை தாண்டி சோலை நகரில், கடலுக்குப் பக்கத்தில், அரசு யூத் ஹாஸ்டல் இருக்கிறது. கல்லூரிக் குழுவாக வருகிறவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டால் நல்லது.

செரினிட்டி பீச் பக்கம் ஒரு அறை மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்படுகிறவர்களுக்கு: அது தந்திராயன்குப்பம். கோட்டக்குப்பத்தை ஒட்டியது, தமிழ்நாட்டு எல்லைக்குள் வருகிறது. வண்டி இருந்தால் சரி. இல்லையென்றால் சாப்பாட்டுக்குக் கூட ஊருக்குள் வர வேண்டியிருக்கும்.

ஆசிரமத்து விருந்தினர் இல்லத்தில் நாமும் தங்கலாமா?

தங்கலாம். கடற்கரைச் சாலையின் தெற்குக் கோடியில் பார்க் கெஸ்ட் ஹவுஸ், அதே சாலையில் சீ சைடு கெஸ்ட் ஹவுஸ், வாய்க்காலோரம் இன்டர்நேஷனல் கெஸ்ட் ஹவுஸ். இவை தெரிந்த பெயர்கள். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். கடலைப் பார்த்த பால்கனி உள்ள அறை இந்த வாடகைக்கு பாண்டியில் வேறெங்கும் கிடைக்காது என்று சத்தியம் செய்வேன்.

ஆனால் இது லாட்ஜ் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மது, புகை கூடாது. இரவு பத்தரைக்கு வெளிக்கதவைப் பூட்டிவிடுவார்கள். டி.வி. இருக்காது. ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்குத்தான் முதல் இடம்; மிச்சம் இருந்தால் நமக்கு. அதனால் சில வாரங்கள் முன்னாலேயே கேட்டுவைக்க வேண்டும். தரிசன நாட்களில் கிடைக்கவே கிடைக்காது. என் மாமா ஒருவர் இங்கே தங்கிவிட்டு, "ஹாஸ்டல் வார்டன் ஞாபகம் வந்துடுச்சுடா" என்றார். என் அம்மாவோ இன்னும் அந்தப் பால்கனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். யார் எந்த ரகம் என்று உங்களுக்கே தெரியும்.

ஆப்பில் புக் பண்ணுவதா, நேரில் போய்க் கேட்பதா?

வார நாள் என்றால் நேரில். மதியம் ஒரு மணிக்கு மேல் போய், அறையைப் பார்த்து, குழாயைத் திறந்து, ஃபேனைப் போட்டு, ஜன்னல் எதைப் பார்த்து இருக்கிறது என்று பார்த்துவிட்டு விலை பேசலாம். ஆப்பில் காட்டும் விலையைச் சொல்லிக் கேட்டால் பல இடங்களில் நூறு இருநூறு குறைப்பார்கள். ஆப்புக்குப் போகும் கமிஷன் அவர்களுக்கு மிச்சம்.

வார இறுதி என்றால் முன்பதிவு இல்லாமல் கிளம்பாதீர்கள். ஆப்பில் பதிவு செய்த அன்றே அந்த லாட்ஜுக்கு ஒரு போன் போட்டு, "இந்தத் தேதிக்கு இந்தப் பெயரில் பதிவு இருக்கிறதா, ஏ.சி. அதே விலைக்கா, ஜி.எஸ்.டி. சேர்த்தா" என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். ஜி.எஸ்.டி. முன்பு 12 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு 5 சதவீதம். இன்னமும் 12 என்று யாராவது பில் நீட்டினால் கேள்வி கேளுங்கள்.

காலி செய்யும் நேரத்தில் என்ன சூட்சுமம்?

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் மதுரையிலிருந்து வந்த அண்ணன் குடும்பத்தைக் காலை ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் வரவேற்று, பக்கத்திலிருந்த ஒரு லாட்ஜில் அறை எடுத்துக் கொடுத்தேன். இருபத்து நாலு மணி நேரம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அங்கே கணக்கு மதியம் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. குளித்துவிட்டு, தூங்கி எழுந்து, கீழே இறங்கினால் கையில் இரண்டு நாள் பில். எழுதி ஒட்டியிருந்தார்கள், கல்லாவுக்குப் பின்னால், காலண்டருக்குக் கீழே. அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் இன்று வரை சொல்லிக் காட்டுகிறார்.

ஆகவே சாவி வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "எத்தனை மணிக்குக் காலி பண்ணணும்?" பஸ் ஸ்டாண்டு லாட்ஜுகள் சிலவற்றில் இருபத்து நாலு மணி நேரக் கணக்கு உண்டு, விடியலில் வருகிறவர்களுக்கு அதுதான் சரி. குளித்து உடை மாற்ற மட்டும் இடம் வேண்டுமென்றால் நான்கைந்து மணி நேரத்துக்குக் குறைந்த வாடகையில் தருவீர்களா என்று கேளுங்கள். வார நாளில் ஒப்புக்கொள்வார்கள்.

அடையாள அட்டை எல்லாருக்கும் வேண்டுமா? கல்யாணம் ஆகாதவர்களுக்கு அறை கொடுப்பார்களா?

பெரியவர்கள் எல்லாருக்கும் வேண்டும். ஆதார் எண்ணின் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த நகலை இறக்கி வைத்துக்கொண்டு அதைக் கொடுங்கள். முழு ஆதார் நகல் ஊரெல்லாம் கிடப்பது நல்லதல்ல.

கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. கோவை விடுதி ஒன்றின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் இதைச் சொல்லிவிட்டது. இருந்தாலும் உள்ளூர் லாட்ஜுகளில் சிலர் மறுப்பார்கள். சட்டம் பேசிச் சண்டை போட்டு அந்த அறையில்தான் தூங்கியாக வேண்டுமா? போனிலேயே கேட்டுவிட்டுப் போங்கள்.

கடலூரில் தங்கிக்கொண்டு பாண்டிக்குப் போய்வந்தால் என்ன?

நான் கடலூர்க்காரன் என்பதால் ஆமாம் என்று சொல்வேன் என்று எதிர்பார்க்கிறீர்கள். பாதி ஆமாம்.

திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் மஞ்சக்குப்பத்திலும் லாட்ஜுகள் உண்டு. பாண்டியின் சனிக்கிழமை விலை இங்கே கிடையாது. பாண்டிக்கு ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். மாலையில் அரியாங்குப்பத்தில் மாட்டினால் கூடுதலாகும். கடலூரிலேயே பாடலீஸ்வரர் கோயில், தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரை, ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டை மிச்சம், பக்கத்தில் திருவந்திபுரம். சிதம்பரம், பிச்சாவரமும் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு இதுதான் வசதியான இடம்.

பாண்டிக் கடற்கரையில் இரவு பத்து மணி வரை உட்கார வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவர்களுக்குக் கடலூர் ஒத்துவராது. அந்த நேரத்துக்குப் பிறகு பஸ் குறைந்துவிடும், மனம் முழுக்கக் கைக்கடிகாரத்தில்தான் இருக்கும். அப்புறம், முகூர்த்த நாள் பார்த்துக்கொள்ளுங்கள். திருவந்திபுரத்தில் ஒரே நாளில் ஏகப்பட்ட கல்யாணங்கள் நடக்கும். அன்று கடலூர் லாட்ஜுகளில் மாப்பிள்ளை வீட்டார் படிக்கட்டில்கூடத் தூங்குவார்கள்.

கையில் காசு மிகக் குறைவு என்றால் இன்னொரு சங்கதி. அம்மா உணவகம் தமிழ்நாட்டுத் திட்டம், பாண்டி தனி யூனியன் பிரதேசம். ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் எல்லைக்கு இந்தப் பக்கம்தான்.

காலை டிபன் எங்கே?

நேரு வீதி, காந்தி வீதிச் சந்திப்பைச் சுற்றி நடந்தால் போதும். சைவ ஓட்டல்கள் ஆறரை ஏழுக்கே திறந்துவிடும். பொங்கல், வடை, காப்பி சேர்த்து ஒரு ஆளுக்கு 100, 120. அதிலும் குறைய வேண்டுமென்றால் பெரிய மார்க்கெட்டின் ஓரத் தெருக்கள். மீன்காரம்மாக்களும் சுமை தூக்குகிறவர்களும் சாப்பிடும் தள்ளுவண்டிகள், இட்லி ஆவி பறக்க நிற்கும். நாலு இட்லி, ஒரு வடை, கெட்டிச் சட்னி, 50 ரூபாய்க்குள் முடிந்துவிடும். வெயில் ஏறிய பிறகு அதே பக்கம் கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் வரும். மோர் மிளகாய், மாங்காய், கருவாட்டுத் துண்டு தொட்டுக்கொள்ள. பெரிய சொம்பு ஒன்று குடித்தால் மதியச் சாப்பாடு தள்ளிப்போகும்.

மதியம் மீன் சாப்பாடு சாப்பிட வேண்டும். எங்கே போக, எவ்வளவு ஆகும்?

பாண்டிக்கு வந்து மீன் சாப்பிடாமல் போவது கும்பகோணம் போய்க் காப்பி குடிக்காமல் வருவது மாதிரி. ஆனால் மீனில்தான் பில் எகிறும். எப்படி என்று சொல்கிறேன்.

மெஸ்ஸில் சாப்பாடு 100 முதல் 130. அதற்கே மீன் குழம்பு ஊற்றுவார்கள், குழம்பில் ஒரு துண்டு கிடந்தாலும் கிடக்கும். செலவு வருவது தட்டில் கொண்டுவந்து காட்டும் வறுவலில். வஞ்சிரம் என்றால் ஒரு துண்டே 200-ஐத் தாண்டும். இலை போட்டதும் பரிமாறுகிறவர் "சார், வஞ்சிரம் இருக்கு, எறா இருக்கு" என்று ஆரம்பிப்பார். தலையாட்டிவிட்டால் தீர்ந்தது. பலகையில் மீன் விலை எழுதியிருக்காது; தினமும் மாறும் என்பது உண்மைதான். அதனால் கூச்சப்படாமல் "ஒரு பீஸ் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். சங்கரா, கானாங்கெளுத்தி, நெத்திலி கேளுங்கள். பாதி விலை, என் நாக்குக்கு ருசியும் அதிகம். சுறாப்புட்டு இருந்தால் விடாதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கட்டுமரமும் நாட்டுப்படகும் கொண்டுவருவது மட்டும்தான் அன்றைய புது மீன். பெரிய மீன் விலை ஏறும், அல்லது ஐஸில் கிடந்தது வரும். கோடை விடுமுறைக்குச் சரியாக அப்போதுதான் எல்லாரும் வருகிறார்கள். அந்த நாட்களில் வந்தால் நெத்திலி, நண்டு என்று சின்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அல்லது கோட்டக்குப்பம் போய் பிரியாணி.

சைவம் என்றால் கவலையே இல்லை. அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு என்று இரண்டு விலை இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு முழுச் சாப்பாடு வாங்கி வீணாக்காதீர்கள். மூன்று பெரியவர்கள் இரண்டு பார்சல் சாப்பாடு வாங்கி அறையில் பகிர்ந்து சாப்பிடலாம். பார்சலில் சோறு அவ்வளவு இருக்கும்.

ஆசிரமச் சாப்பாட்டுக்கூடத்தில் சாப்பிடலாமா?

ஆசிரம விருந்தினர் இல்லத்தில் தங்கினால் அங்கேயே டோக்கன் கேளுங்கள். விலை மிகக் குறைவு. சோறு, பருப்பும் காயும் சேர்ந்த ஒரு கூட்டு, ரொட்டி, தயிர், வாழைப்பழம். காரம் என்ற பேச்சே கிடையாது. பேசாமல் சாப்பிட்டுவிட்டு, தட்டை உரிய இடத்தில் வைத்துவிட்டு வர வேண்டும். வயிற்றுக்கு நல்லது. ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காத என் சித்தப்பா மாதிரி ஆட்களை மட்டும் கூட்டிப்போகாதீர்கள்.

பிரெஞ்சுச் சாப்பாடு கொஞ்சமாவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டும், ஆனால் பர்ஸ் சின்னது.

இரவு உணவுக்கு ஒயிட் டவுன் உணவகத்தில் நான்கு பேர் உட்கார்ந்தால் 3,000 ரூபாய் போய்விடும். காலையில் ஒரு பேக்கரிக்குப் போங்கள். நீளமான பகெத் ரொட்டியும், அடுக்கடுக்காக உதிரும் க்ரோசானும் சூடாக இருக்கும். ஆளுக்கு 100, 150-க்குள் பிரெஞ்சு ஆசை தீர்ந்துவிடும். தமிழ்ப் பகுதியின் பழைய பேக்கரிகளிலும் நீள ரொட்டி கிடைக்கிறது, விலை இன்னும் குறைவு. ஒரு ரொட்டி, ஒரு வெண்ணெய்ப் பொட்டலம் வாங்கிக்கொண்டு கடற்கரைக் கல்லில் உட்கார்ந்து சாப்பிட்ட காலை ஒன்று எனக்கு எந்த ஓட்டலைவிடவும் ஞாபகம் இருக்கிறது. காக்கைகள் ஜாக்கிரதை.

கிறிஸ்துமஸ் சமயம் வந்தால் விவிக்கம் கேக் கேளுங்கள். ரவையும் முந்திரியும் ரம்மில் ஊறிய உலர்பழமும் போட்ட, பாண்டிக்கே உரிய கேக். துண்டாகவும் கொடுப்பார்கள்.

பில்லில் சேவைக் கட்டணம் என்று போட்டால்?

கொடுக்க வேண்டியதில்லை. ஓட்டல்கள் தானாகச் சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ஆம் தேதி வழிகாட்டுதல் வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அந்த எண்ணைச் சொன்னாலே பெரும்பாலும் எடுத்துவிடுகிறார்கள். ஜி.எஸ்.டி. வேறு, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். பரிமாறியவருக்குக் கையில் இருபது ரூபாய் கொடுப்பது உங்கள் விருப்பம்.

இரவு?

மாலை ஆறிலிருந்து காலை ஏழரை வரை கடற்கரைச் சாலையில் வண்டி விடுவதில்லை. காந்தி சிலையைச் சுற்றிக் குழந்தைகளை ஓடவிட்டுவிட்டு உட்காரலாம். சுண்டல், மாங்காய்ப் பத்தை, மிளகாய் பஜ்ஜி என்று தின்றே பாதி வயிறு நிறைந்துவிடும். அப்புறம் வாய்க்காலைத் தாண்டி வந்து பரோட்டா. இரண்டு பரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட், 80 ரூபாய். தோசைக் கடைகள் பத்தரை வரை திறந்திருக்கும். சனிக்கிழமை இரவு மட்டும் எட்டுக்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள், அதற்குப் பிறகு எல்லாக் கடையிலும் நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்கும்.

ஊருக்குள் சுற்ற ஆட்டோவா, வாடகை வண்டியா?

ஆட்டோ மீட்டர் ஓடி நான் பார்த்ததில்லை. ஏறும் முன் பேசிக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், கோரிமேடு, ஜிப்மர் பக்கமெல்லாம் ஷேர் டெம்போ ஓடுகிறது, பத்து இருபது ரூபாயில் முடியும். மிஷன் வீதிப் பக்கம் சைக்கிளும் ஸ்கூட்டரும் வாடகைக்குக் கிடைக்கும். ஸ்கூட்டர் நாளொன்றுக்கு 400, 500. வண்டியில் ஏற்கெனவே உள்ள கீறல்களை அவர் எதிரிலேயே போனில் படம் எடுங்கள். ஹெல்மெட், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் மிச்சம் பிடித்ததெல்லாம் அபராதத்துக்குப் போகும்.

வாய்க்காலின் இரு பக்கத்துக்கும் நடைதான் சிறந்தது. வீதிகள் நேர்கோடாக இருப்பதால் வழி தவற முடியாது.

காசு கொடுக்காமல் என்னென்ன பார்க்கலாம்?

கடற்கரை, ஆயி மண்டபம் இருக்கிற பாரதி பூங்கா, மணக்குள விநாயகர், ரயில் நிலையம் எதிரே இருதய ஆண்டவர் பசிலிக்கா, அரவிந்தர் சமாதி. ஆசிரமத்துக்குள் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளை விடமாட்டார்கள். ஒருவர் வெளியே நிற்க வேண்டியிருக்கும். கோயில் நடை மதியம் சாத்தியிருக்கும். ஆரோவில்லில் தங்க உருண்டை மாதிரி இருக்கிற தியானக் கூடமான மாத்ரிமந்திரை வெளியிலிருந்து பார்க்கும் அனுமதிச் சீட்டு இலவசம். உள்ளே போக முன்பதிவு வேண்டும். 1908 முதல் பத்து ஆண்டு பாரதியார் வாழ்ந்த ஊர் இது. ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் வீட்டைப் பார்க்காமல் போகாதீர்கள்.

ஒரு பாட்டில் வாங்கி ஊருக்கு எடுத்துவரலாமா?

தம்பிமார்கள் எல்லாரும் கேட்பது. எடுத்துவராதீர்கள். முள்ளோடை தாண்டினால் தமிழ்நாடு, கடலூருக்குள் நுழையும் ஆல்பேட்டையில் சோதனைச் சாவடி இருக்கிறது. பஸ்ஸிலும் ஏறிப் பார்ப்பார்கள். மிச்சம் பிடித்த நூறு ரூபாய்க்குக் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒரு கேள்வி: அறையைக் காலி செய்துவிட்டு இரவு பஸ் வரை பையை எங்கே வைப்பது?

தங்கிய லாட்ஜிலேயே. கல்லாவில் இருப்பவரிடம் காலி செய்யும்போதே கேட்டால் வரவேற்பறை மூலையில் வைக்கச் சொல்வார், காசு கேட்கமாட்டார். மாலை ஷிப்டுக்கு வேறு ஆள் வந்துவிடுவார், அதனால் பையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள். நகை, பணம், சார்ஜர் மட்டும் கையோடு. முகம் கழுவவும் அங்கேயே ஒருமுறை போய்க்கொள்ளலாம், எந்தக் கழிப்பிடத்தையும்விட அது சுத்தமாக இருக்கும்.